மூன்றாவது பீப்பாய்

மணல்துறைப் பாய்ப்படகு கிளப்பின் வருடாந்திரக் கோப்பை என் வீட்டு முன்னறை அலமாரியில் நான்கு வருடம் இருந்தது. அதன் வயிற்றில் 'ஆர். ரசலையன், பி.ஏ., பி.எல்., 1952' என்று வெட்டியிருக்கிறது. என்னைத் தேடி வருகிற கட்சிக்காரர்கள் அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அது நான் திருடிய கோப்பை. இதை என் வாயால் சொன்னதே போன வாரம்தான். சொன்ன இடத்தில் எனக்குக் கைதட்டினார்கள். அந்தக் கூத்தை முறையாகச் சொல்லவேண்டுமென்றால் கிளப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கீரிப்பாறை மலைப்பக்கத்து எஸ்டேட்டுகளில் இருந்த வெள்ளைக்காரத் துரைமார் நாலைந்து பேர் அறுபது வருடத்துக்கு முன்பு அந்தக் கிளப்பை ஆரம்பித்தார்கள். மலையில் மழையும் அட்டையும் அவர்களைப் பிடுங்கித் தின்றன. வாரக் கடைசியில் காற்று வாங்க ஒரு தண்ணீர் வேண்டியிருந்தது. கடலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே கிடந்த மணல்துறைக் காயலின் வடகரையைத் திருவிதாங்கூர் சர்க்காரிடம் குத்தகைக்கு எடுத்து, ஓட்டுக்கூரைக் கட்டடம் கட்டி, தேக்குப் பலகையில் தரை போட்டு, கொடிமரம் நட்டார்கள். படகுகள் கொச்சியிலிருந்து மாட்டு வண்டியில் வந்தனவாம். தென்கரையில் மணல்துறை ஊர். கடலில் மீன் பிடிக்கிற கத்தோலிக்கர்கள். படகைக் கழுவவும் கயிறு பிடிக்கவும் அந்த ஊர் ஆட்களைத்தான் வைத்துக்கொண்டார்கள். இந்த நாட்டுக்காரன் ஒருவன் அந்தத் தேக்குத் தரையை மிதிக்கவேண்டுமென்றால் கையில் துடைப்பமோ தட்டோ இருக்கவேண்டும்.

என் அப்பா எஸ்டேட் கிளார்க். சனிக்கிழமை அவசரத் தபால் வந்தால் எடுத்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்து, கிளப்பு வாசலில் நிற்கிற புன்னை மரத்தடியில் மணிக்கணக்காகக் காத்துக்கிடப்பார். அதை அவர் ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. எனக்குத்தான் அது குறையாக இருந்தது. வக்கீல் ஆனதும், நாகர்கோவில் கோர்ட்டில் நாலு பேர் மதிக்கிற மாதிரி ஆனதும், அந்த மரத்தைத் தாண்டி உள்ளே போகவேண்டும் என்பது எனக்கு ஒரு வெறியாகவே இருந்தது.

நாற்பத்தேழுக்குப் பிறகு துரைமார் ஒவ்வொருவராக எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். படகுகளை வாங்க ஆள் வேண்டுமே, அதனால் எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். தோப்பும் வயலும் நிறைய வைத்திருந்த நாராயணபெருமாள் சேர்ந்தார், நான் சேர்ந்தேன், கோட்டயத்துக்கார இன்ஜினீயர் ஒருவர் சேர்ந்தார். இரண்டு வருடத்தில் நாராயணபெருமாள்தான் தலைவர். மிஞ்சிய வெள்ளைக்காரர் பென்ரோஸ் துரை ஒருவர்தான். நான் 'மார்கரெட்' என்கிற படகை வாங்கினேன். படகை விற்றுவிட்டு ஊருக்குப் போன துரையின் பெண்டாட்டி பெயர் அது. மாற்றவேண்டும் மாற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டே மாற்றாமல் விட்டேன்.

துரைமார்மேல் எனக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் அவர்களுடைய ஒரு வழக்கம் என்னை அசர வைத்தது. அவர்கள் பந்தயத்துக்கு நடுவரே கிடையாது. காயலில் மூன்று இடத்தில் தார்ப் பீப்பாய்களை நங்கூரம் போட்டு மிதக்க விட்டிருப்பார்கள். அவற்றைச் சுற்றி இரண்டு வட்டம் வரவேண்டும். படகு பீப்பாயில் உரசினால் போச்சு. யாரும் பார்க்கத் தேவையில்லை, யாரும் சொல்லத் தேவையில்லை. உரசியவன் தானே பாயை இறக்கிவிட்டுத் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்துவிட வேண்டும். பந்தயம் முடிந்ததும் கூடத்து மேசையில் இருக்கிற ஒப்புப் புத்தகத்தில், 'விதி பிசகாமல் ஓடினேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துதான் சாட்சி, அதுதான் தீர்ப்பு.

நாற்பத்தொன்பதில் ஒருநாள் பென்ரோஸ் துரை எங்கள் எல்லாரையும் விட அரை பர்லாங்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். தூரத்துப் பீப்பாய்க்கு அந்தப்பக்கம் திரும்பியவர் திடீரென்று பாயை இறக்கினார். யார் கண்ணுக்கும் எட்டாத இடம். வியர்க்க விறுவிறுக்கத் துடுப்புப் போட்டு வந்து சேர்ந்து, 'தொட்டுப் போயி' என்று தனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொல்லிவிட்டு எலுமிச்சைச் சாறு கேட்டார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். கிறுக்குத் துரை என்றார் நாராயணபெருமாள்.

படகில் இரண்டு பேர். சுக்கான் பிடிப்பவன் உறுப்பினன். முன்னால் இருந்து பாய்க்கயிற்றைப் பிடிப்பவர் மணல்துறைக்காரர். ஒப்புப் புத்தகத்தில் உறுப்பினர் பெயர் மட்டும் இருக்கும். மற்றவருக்கு 'ஓர் ஆள்' என்று ஒரு வார்த்தை. ஐம்பதாம் வருடம் பொதுக்கூட்டத்தில் நான் எழுந்து ஒரு பிரசங்கம் செய்தேன். குடியரசு வந்துவிட்டது, படகுக்காரனும் மனிதன்தான், அவனுக்கும் ஒரு சொல் உண்டு, அவன் கையெழுத்தும் புத்தகத்தில் வேண்டும், இரண்டு கையெழுத்தும் இல்லாமல் எந்த வெற்றியும் செல்லாது என்று விதியைத் திருத்தவேண்டும் என்றேன். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

என் படகில் கயிறு பிடித்தவர் மத்தியாஸ். அதற்குமுன் பதினோரு வருடம் பென்ரோஸ் துரையின் படகில் இருந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் 'நீ' என்றுதான் பேசுவேன், அவர் 'அய்யா' என்பார். எழுதப் படிக்கத் தெரியாது. என் தீர்மானம் வந்தபிறகு, ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள் லீமாவிடம் உட்கார்ந்து தன் பெயரை எழுதப் படித்துக்கொண்டார். மற்றவர்கள் கைநாட்டு வைத்தார்கள். மத்தியாஸ் மட்டும் நாக்கைக் கடித்துக்கொண்டு, பேனாவைத் துடுப்புப் பிடிப்பதுபோல் பிடித்து, ஐந்து நிமிடம் எடுத்துக் கையெழுத்துப் போடுவார். பிறகு தள்ளி நின்று ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

ஐம்பத்திரண்டு. ஓணம் கழிந்த சனிக்கிழமை. கோப்பைப் பந்தயம். மேற்கிலிருந்து கச்சான் காற்று சீறிக்கொண்டிருந்தது. கரையில் நல்ல கூட்டம். கோப்பையைத் துரைமாரைத் தவிர யாரும் தொட்டதில்லை. இந்த முறை நம்ம ஆள் அடிப்பான் என்று கோர்ட்டு குமாஸ்தாக்கள்கூட வந்திருந்தார்கள். கடைசி வட்டத்தில் பென்ரோஸ் துரை இருபது கெஜம் முன்னால் இருந்தார். மூன்றாவது பீப்பாய் கீழ்க்கரைத் தாழம்புதரை ஒட்டிக் கிடந்தது. துரை நிதானமாக அகலச் சுற்றினார். நான் உள்ளே வெட்டினேன்.

அடிப்பலகையில் 'டொக்' என்று கேட்டது. கதவை ஒற்றை விரலால் தட்டுகிற அளவுக்குத்தான்.

மத்தியாஸ் திரும்பி என்னைப் பார்த்தார். "தட்டிட்டு அய்யா" என்றார். பிறகு, "பாய எறக்கட்டா?" என்று கேட்டார்.

எனக்கு முன்னால் திறந்த தண்ணீர். நான் வெட்டியதில் துரையும் நானும் ஏறக்குறைய சமமாகிவிட்டோம். கரையில் புன்னை மரம் தெரிந்தது. அப்பாவின் நினைப்பில்தான் அப்படிச் செய்தேன் என்று பிறகு பலமுறை எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். கொலைக் கேசில்கூட நான் இதைவிட நல்ல வாதம் வைத்திருக்கிறேன். உண்மை என்னவென்றால் எனக்கு ஜெயிக்கவேண்டும், அவ்வளவுதான்.

"கயித்தப் பிடி" என்றேன்.

மத்தியாஸ் கயிற்றைப் பிடித்தார். அரைகுறையாகப் பிடிக்கவில்லை. உடம்பு முழுவதையும் படகுக்கு வெளியே தொங்கவிட்டு, அந்தக் காற்றில் ஒரு துளியும் சிந்தாமல் பாயில் ஏந்தினார். ஒரு படகு நீளத்தில் ஜெயித்தோம். கரையில் என்னைத் தூக்கிக்கொண்டார்கள். ஈர உடுப்போடு கூடத்துக்குப் போய் ஒப்புப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன். பேனாவை மத்தியாஸிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "நான் வைக்கல்ல அய்யா" என்றார் மெதுவாக.

"ஏன், கை நனைஞ்சிருக்கா?" என்று நாராயணபெருமாள் கேட்டார்.

"இல்ல. நான் வைக்கல்ல."

நான் அவரைத் தோளில் கைபோட்டுத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "படகில நான் சொன்னதும் கயித்தப் பிடிச்சியே, இப்ப என்ன வந்துது?" என்று கேட்டேன்.

"கயிறு பிடிக்கது எனக்க வேல. நீங்க சொன்னிய, பிடிச்சேன்" என்றார். "இது எனக்க பேராக்கும். நீங்கதானே அன்னைக்கு மேடையில நின்னு சொன்னிய, படகுக்காரனுக்கும் ஒரு சொல்லு உண்டுன்னு." அதில் குத்தல் ஏதும் இல்லை. நான் மறந்துவிட்டேனோ என்று ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் சொன்னார். அவர் குத்திச் சொல்லியிருந்தால் எனக்குக் கோபமாவது மிஞ்சியிருக்கும்.

இரண்டு கையெழுத்து இல்லாமல் வெற்றி செல்லாது. விதி நான் கொண்டுவந்தது. அடுத்த சனிக்கிழமை காலையில் விசாரணை வைத்தார்கள். நாராயணபெருமாள், இன்ஜினீயர், பென்ரோஸ் துரை மூவரும் மேசைக்கு அந்தப்பக்கம். ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்டார்கள். மத்தியாஸ், "மூணாவது பீப்பாயில தட்டிச்சு" என்றார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பாயை இறக்கச் சொல்லவில்லை என்பதைக்கூடச் சொல்லவில்லை.

சாட்சியை நான் விசாரிக்கலாமா என்று கேட்டேன். கேட்டபோது என் வாய்க்குள் அந்தப் பழைய ருசி ஊறியது. எதிர்க்கட்சிச் சாட்சி கூண்டில் ஏறும்போது ஊறுகிற ருசி.

"மத்தியாசே, நீ எங்க இருந்தே?"

"முன்னால, பாய்க்குக் கீழ."

"எந்தப் பக்கம் பாத்து?"

"காத்து வார பக்கம்."

"பீப்பாய் எந்தப் பக்கம்?"

"மறுபக்கம்."

"அப்ப, படகு பீப்பாயில தட்டுனத நீ கண்ணால காணல்ல."

"காணல்ல அய்யா. கேட்டேன். காலுக்குக் கீழ பலகையில அறிஞ்சேன்."

"அன்னைக்குக் கச்சான். அலை பலகையில அடிச்சாலும் சத்தம் வரும், இல்லியா?"

"அல சத்தம் வேற."

"வேறன்னு உனக்குத் தோணுது."

பிறந்ததிலிருந்து அலையின்மேல் கிடக்கிற மனிதரிடம் நான் கேட்ட கேள்வி இது.

"எனக்க படகுக்கு வாரதுக்கு முன்ன யாரு படகில இருந்தே?"

"பென்ரோஸ் துரைக்க படகில."

"எத்தன வருசம்?"

"பதினொண்ணு."

"துரை எப்படிப்பட்ட மனுசன்?"

"நல்ல மனுசன்."

"நான் ஜெயிக்கல்லன்னா கோப்பை யாருக்குப் போவும்?"

மத்தியாஸ் துரையைப் பார்த்தார். அறையில் எல்லாரும் துரையைப் பார்த்தார்கள். துரையின் முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது.

"அவ்வளவுதான்" என்று நான் உட்கார்ந்தேன்.

துரைக்கு மத்தியாஸைப் பதினோரு வருடப் பழக்கத்தில் நன்றாகத் தெரியும். அவர் பொய் சொல்லமாட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் நான் துரையின் வாயை அடைத்துவிட்டேன். அவர் பேசினால் கோப்பைக்காகப் பேசுகிறார் என்று ஆகும். "ஞான் ஒந்நும் கண்டில்ல" என்று மட்டும் சொன்னார். அது உண்மைதான். பிறகு நாராயணபெருமாள் என்னைப் பார்த்து, சம்பிரதாயத்துக்குக் கேட்பதாகச் சொல்லி, படகு தொட்டதா என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

வேதப்புத்தகம் கேட்கவில்லை, சத்தியம் கேட்கவில்லை. உறுப்பினர் வார்த்தை போதும். ஓர் உறுப்பினர்மேல் பொய்க்குற்றம் சுமத்தியதற்காக மத்தியாஸை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆளின் கையெழுத்து வேண்டும் என்கிற விதியையும் அன்றே எடுத்துவிட்டார்கள். மத்தியாஸ் தாழ்வாரத்தில் கழற்றி வைத்திருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு காயல் ஓரமாகத் தென்கரைக்கு நடந்து போனார். அடுத்த வருடம் பென்ரோஸ் துரையும் ஊருக்குப் போய்விட்டார். போகும்போது எல்லாரிடமும் கை குலுக்கினார். என்னிடம் குலுக்கவில்லை.

பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது எங்கள் புராட்டஸ்டண்ட் சபையில் ஒன்பதாம் கட்டளை. மத்தியாஸின் கோயிலில் அது எட்டாம் கட்டளை. எண்ணில்தான் வித்தியாசம். நான் அதை உடைத்தேன், தண்டனை அவருக்கு. ஆரம்பத்தில் தினமும் நினைத்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் நினைத்தேன். அதற்குப் பிறகு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, பலகையில் கேட்டது அலைதானோ என்றுகூட எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. என் விசாரணை அவ்வளவு திறமையாக இருந்திருக்கிறது.

இந்த வருடம் ஆடி மாதம் எங்கள் வீட்டுப் பின்வாசலில் மீன் விற்க ஒரு புதுப் பெண் வந்தாள். என் மனைவி நேசம்மாள் அவளிடம் சாளை வாங்கிக்கொண்டே கதை கேட்டாள். நான் உள்ளே சவரம் செய்துகொண்டிருந்தேன். அவள் போனபிறகு நேசம்மாள் வந்து, "இஞ்சேருங்க, அந்தப் பிள்ள லீமா, மணல்துறைக்காரியாம். நல்ல பிள்ள. ஒரு சம்பந்தம் வந்து நிச்சயம் வர போயிக் கலைஞ்சு போச்சாம்" என்றாள். "அப்பன் கிளப்பில பொய்ச்சாட்சி சொல்லி வேல போனவன்னு மாப்பிள வீட்டில சொல்லிட்டாவளாம். ஒங்க கிளப்புதானே? என்ன சங்கதி அது?"

"பழைய சங்கதி" என்றேன். கன்னத்தில் கத்தி பட்டுவிட்டது.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. வாரத்தில் மூன்று நாள் லீமா வருவாள். நேசம்மாள் என்னைக் கூப்பிட்டால் நான் கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று முன்வாசல் வழியாக ஓடுவேன்.

நவம்பர் ஒன்றாம் தேதி எங்கள் ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அடுத்த வாரம் கிளப்பில் பொதுக்கூட்டம். நாராயணபெருமாள் எழுந்து, புது ராஜ்யம், புது ஜில்லா, கிளப்புக்கும் புதுத் தலைவர் வேண்டும், துரைமாரிடமிருந்து கோப்பையைப் பிடுங்கிய முதல் தமிழனே தலைவர் ஆகட்டும் என்று என் பெயரை முன்மொழிந்தார். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். நான் எழுந்தேன். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது.

"ஐம்பத்திரண்டில் என் படகு மூன்றாவது பீப்பாயில் தட்டியது" என்றேன். "மத்தியாஸ் சொன்னது உண்மை. நான் சொன்னது பொய். அந்தக் கோப்பை என்னுடையது அல்ல."

என் காது இரண்டும் சூடாக இருந்தன. பயமும் இருந்தது, அதற்குள் ஒரு சுகமும் இருந்தது. நாராயணபெருமாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"வேய் வக்கீலே" என்றார். "அந்தப் படகுக்காரன் கஷ்டப்படுகான்னு நானும் கேள்விப்பட்டேன். மவளுக்குக் கல்யாணம் தட்டிப் போச்சாமே. அதுக்காவ நீரு ஒம்ம பேரையே கெடுக்கத் துணிஞ்சிட்டீரே."

"இல்ல அண்ணாச்சி, நான் நெசமாத்தான் சொல்லுகேன்."

"நீரு அப்படித்தான் சொல்லுவீரு." அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாத்துக்கிடுங்க. இப்படி ஒரு மனுசன் தலைவராக் கிடைக்கதுக்கு நாம கொடுத்து வச்சிருக்கணும்."

கைதட்டல் ஓய வெகு நேரம் ஆயிற்று. நான் இரண்டுமுறை மறுத்தேன். மறுக்க மறுக்க என் புகழ் ஏறியது. அங்கேயே தீர்மானம் எழுதினார்கள். பெருந்தன்மை மிக்க புதிய தலைவரின் விருப்பத்துக்கு இணங்க, மத்தியாஸ் செய்த பிழையை மன்னித்து, கருணை அடிப்படையில் மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்வது என்று. அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நேசம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. உடனே நம்பினாள். அலமாரியிலிருந்து கோப்பையை எடுத்துத் துணியில் சுற்றி மச்சில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, "அந்த மனுசன்கிட்டப் போயிச் சொல்லுங்க" என்றாள். பதினெட்டு வருடம் கூட வாழ்ந்தவள் நான் பொய்யன் என்பதை இவ்வளவு சுளுவாக நம்பியது எனக்கு வலித்தது. அந்த வலிக்கும் எனக்கு உரிமை இல்லை.

மறுநாள் பிற்பகல் மணல்துறைக்குப் போனேன். மத்தியாஸ் வீட்டு முற்றத்தில் கட்டுமரத்துக்குக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். நரைத்துப் போயிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, லீமாவைக் கூப்பிட்டு ஒரு ஸ்டூல் கொண்டுவரச் சொன்னார். கிளப்பில் நான் சொன்னதையும், அவர்கள் நம்பாததையும் சொன்னேன். முதன்முறையாக 'நீங்க' என்று என் வாயில் வந்தது. காகிதத்தை நீட்டினேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை யோசிக்காமலே நீட்டினேன். ஒருவேளை யோசித்துவிட்டு, யோசிக்காததுபோல் இருந்தேனோ என்னவோ.

லீமா உரக்க வாசித்தாள். "மத்தியாஸ் செய்த பிழையை மன்னித்து" என்ற இடத்தில் நிறுத்தி அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டவும் மிச்சத்தையும் வாசித்து, காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"எனக்கு வேல வேண்டாம் அய்யா" என்றார் மத்தியாஸ். "நான் சொன்னத அவிய நம்பல்ல, எனக்க பேரு போச்சு. நீங்க சொன்னதயும் நம்பல்ல, ஒங்களத் தலைவரு ஆக்கிட்டாவ." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குத் தலை நிமிரவில்லை.

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். இதை அவர் வெகுநாளாக மனதில் வைத்திருந்திருக்கவேண்டும். "வார ஞாயிற்றுக்கெழம காலத்த எட்டு மணிக்குப் பூசை முடியும். ஊர்க்காரங்க எல்லாரும் கோயில் முத்தத்தில நிப்பாவ. மாப்பிள வீட்டுக்காரங்களும் வருவாவ. அங்க வந்து, கிளப்பில சொன்னத அப்படியே சொல்லுங்க. இங்க ஒங்கள நம்புவாவ."

"வாறேன்" என்றேன்.

"செத்த நேரத்துக் காரியம்தான்" என்றார் அவர், எனக்கு ஆறுதலாக.

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்று. காலை ஏழு மணிக்கு வெள்ளை உடுப்பு உடுத்துக்கொண்டு காரை எடுத்தேன். நேசம்மாள் வாசல்வரை வந்து, "ஆண்டவரு கூட இருப்பாரு" என்றாள். வழியெல்லாம் என்ன சொல்லவேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நான்கு வாக்கியம்தான். கிளப்பில் தடையில்லாமல் வந்த அதே நான்கு வாக்கியம்.

காயலைச் சுற்றிக்கொண்டு சாலை திரும்புகிற இடத்தில் கோயில் முற்றம் தெரிந்தது. பூசை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். முந்நூறு பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவன்கூட என்னைப் பெருந்தன்மைக்காரன் என்று நினைக்கப்போவதில்லை. பீப்பாயில் மோதினால் என்ன சத்தம் வரும், அலை மோதினால் என்ன சத்தம் வரும் என்று அங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். நான் வாயைத் திறந்ததும் நம்பிவிடுவார்கள். மறுநாள் சந்தையில் சொல்வார்கள், கோர்ட்டு வாசலில் சொல்வார்கள். ரசலையன் வக்கீல் பொய்யன்.

கிளப்பில் எனக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அவர்கள் நம்பமாட்டார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது. நாராயணபெருமாளை எனக்கு எட்டு வருடமாகத் தெரியும்.

சாலை முனையில் லீமா நின்றிருந்தாள். வழிகாட்ட அனுப்பியிருக்கிறார்கள். நல்ல சேலை உடுத்தியிருந்தாள். என் காரைக் கண்டதும் இரண்டு அடி முன்னால் வந்து, இந்தப்பக்கம் என்று கையைக் காட்டினாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், அவளும் என்னைப் பார்த்தாள். காரை அங்கேயே திருப்பினேன். குறுகிய சாலை. முன்னும் பின்னும் மூன்றுமுறை எடுக்கவேண்டியிருந்தது. அவ்வளவு நேரமும் அவள் காட்டிய கையை இறக்கவில்லை.

நேரே எங்கள் சபைக்குப் போய் ஒன்பதரை ஆராதனையில் உட்கார்ந்தேன். என்ன பாடினோம் என்று ஞாபகமில்லை. பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்தேன். நேசம்மாள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"சொன்னியளா?"

"சொன்னேன்."

"நம்பினாவளா?"

"நம்பினாவ" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். இலை போட்டுச் சோறு பரிமாறினாள். ஞாயிற்றுக்கிழமைக் கறி. நான் சாப்பிட்டேன்.